புகை வராத கரியும் உயிரைக் குடிக்கும்

‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருக்கும் ஏற்காட்டில் இந்த இரு மாதங்களிலும் இரவில் கணப்பு தேவைப்படுவதில் வியப்பில்லை. ஆனால், மூடிய அறைக்குள் கரிச்சட்டியை வைத்துக்கொண்டு தூங்கியவர்களை, மயங்கிய நிலையில் மலையிலிருந்து சேலத்துக்கு இறக்கிக் கொண்டுவருவது இந்த ஆண்டும் நிற்கவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவன் என்ற முறையில், இனியும் சும்மா இருக்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

உடன் வரும் உறவினர்கள் தவறாமல் சொல்வது இதுதான்: “புகையே இல்லைங்க டாக்டர், நல்லாக் கனிஞ்ச பிறகுதான் உள்ளே எடுத்து வெச்சோம்.” உயிரை வாங்குவது இந்த நம்பிக்கையே. புகை அடங்கி, மேலே நீறு பூத்து, உள்ளே செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும் தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வெளிவந்துகொண்டே இருக்கிறது. அதற்கு நிறமும் மணமும் இல்லை. கண் எரியாது, இருமல் வராது. புகை இருந்தாலாவது கண் எரிச்சல் தாங்காமல் எழுந்து கதவைத் திறப்பீர்கள்; புகையில்லாத தணல் அந்த எச்சரிக்கையைக்கூடத் தருவதில்லை. சமையல் வாயு கசிந்தால் நாற்றம் வருவதுபோல இதுவும் தெரிந்துவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த நாற்றம், கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே சமையல் வாயுவில் சேர்க்கப்படுவது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் நச்சு அடங்கிவிடும் என்பதும் தவறு. இந்த வாயு நீரில் கரைவது மிகமிகக் குறைவு.

இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமாகப் பற்றிக்கொள்கிறது. முதலில் வருபவை தலைவலி, தலைசுற்றல், குமட்டல். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்த சுற்றுலாப் பயணிகள் மலைப்பாதையின் மேல் பழியைப் போட்டு, மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு, அதே அறையில் மறுபடியும் படுத்துவிடுகிறார்கள். ஒரே அறையில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், காரணத்தை ஆராய வேண்டாம்; எல்லோரையும் வெளியே அழைத்து வந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

மருத்துவத் துறையினருக்கு ஒரு சொல்: விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டுவதை நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சாதாரண ஆக்சிமீட்டருக்கு இந்த வாயு ஏறிய இரத்தத்துக்கும் ஆக்சிஜன் ஏறிய இரத்தத்துக்கும் வேறுபாடு தெரியாது. வெறும் காற்றைச் சுவாசித்தால் உடலில் ஏறிய வாயு பாதியாகக் குறையவே நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும். ஆகவே, ஆக்சிஜனை ஆம்புலன்ஸிலேயே தொடங்கிவிட வேண்டும்.

கரிச்சட்டியும் பார்பிக்யூ அடுப்பும் முற்றத்தோடு நிற்கட்டும். அணைந்துவிட்டதாகத் தோன்றினாலும் உள்ளே எடுத்து வராதீர்கள். சன்னலைச் சற்றே திறந்துவைத்தால் போதும் என்று எண்ணவும் வேண்டாம். பனிக்காற்று தாங்காமல் நள்ளிரவில் யாராவது எழுந்து அதைச் சாத்திவிடுவார். பழைய பங்களாக்களில் கணப்பு மூட்டுமுன் புகைபோக்கியில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் பொருத்தாதீர்கள். மின் ஹீட்டர் இருந்தால் நல்லதே. ஆனால் 2,000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும் என்பதால், அதைச் சுவரிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அல்ல. போர்வையும் திரையும் மூன்றடிக்கு அப்பால் இருக்கட்டும். படுக்குமுன் அணைத்துவிடுங்கள்.

விடுதி நடத்துபவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: விருந்தினர் எவ்வளவு வற்புறுத்தினாலும் அறைக்குள் கரி கொடுக்காதீர்கள், கூடுதலாக இரண்டு கம்பளியும் ஒரு வெந்நீர்ப் பையும் கொடுங்கள். கரி வைத்த அறையில் தூங்கியவர்களில் கர்ப்பிணி இருந்தால், அவர் தெளிவாகப் பேசினாலும், நடமாடினாலும், மருத்துவமனைக்கு அழைத்து வந்தே ஆக வேண்டும். தாய் தேறிய பிறகும் வயிற்றிலுள்ள குழந்தையின் இரத்தத்தில் அந்த வாயு நெடுநேரம் தங்கியிருக்கும்.