கும்பிடுபூச்சிக்கு வீடு கட்டினால் கூரைதான் முதலில்

கும்பிடுபூச்சி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் யோசிப்பது பெட்டியைப் பற்றித்தான். கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, எவ்வளவு பெரிது, உள்ளே என்ன செடி வைக்கலாம் என்று போகும் அந்த யோசனை. பூச்சியின் பக்கம் நின்று பார்த்தால் இதெல்லாம் இரண்டாம்பட்சம். கால் நகங்கள் மாட்டிக்கொள்ளச் சொரசொரப்பான ஒரு கூரை, அதற்குக் கீழே எதுவும் குறுக்கிடாத வெற்றிடம், இவை இரண்டும்தான் அதன் உயிரைக் காப்பவை. இவை சரியாக இருந்தால் காலியான பிளாஸ்டிக் ஜாடியே போதும்.

எல்லாவற்றுக்கும் காரணம் தோலுரிப்பு. பூச்சியின் தோல்தான் அதன் எலும்புக்கூடும். அது உடலோடு சேர்ந்து வளராது. எனவே கும்பிடுபூச்சி முழு வளர்ச்சி அடைவதற்குள், இனத்தைப் பொறுத்து 6 முதல் 9 முறை தோலை உரித்துவிட்டு வெளியே வர வேண்டும். பழைய தோலுக்கு அடியில் புதுத்தோல் மடிப்பு மடிப்பாக உருவாகிறது. நேரம் வந்ததும் பூச்சி கூரையைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகிறது. உடலுக்குள் அழுத்தம் கூடி, தலைக்குப் பின்னால் முதுகுப் பக்கம் தோல் வெடிக்கிறது. அந்தப் பிளவு வழியாகத் தலை, முன்னங்கால்கள், மற்ற கால்கள் என்று ஒவ்வொன்றாகக் கீழே வழுகி இறங்குகின்றன. மூச்சுக்குழாய்களின் உட்பூச்சுகூடக் கழன்று வரும். உரித்துப்போட்ட தோலுக்குள் வெள்ளை நூல்கள் போலத் தெரிபவை அவைதான்.

இந்த வேலையில் பாதியை ஈர்ப்புவிசை செய்கிறது. பூச்சியின் எடைதான் அதைப் பழைய தோலிலிருந்து கீழே இழுக்கிறது. ஒரு கட்டத்தில் வயிற்று நுனி மட்டும் பழைய தோலில் சிக்கியிருக்க, முழு உடலும் மெத்தென்று தொங்கிக்கொண்டிருக்கும். கால்கள் கொஞ்சம் உறுதியானதும் பூச்சி மேல்நோக்கி வளைந்து கூரையையோ பழைய தோலையோ பிடித்துக்கொள்ளும். இந்த இடைவேளையில் கூரையிலிருந்து பிடி நழுவினாலும், தலை தரையில் முட்டினாலும் ஆபத்துதான். மென்மையான உடல் எந்த வடிவத்தில் கிடக்கிறதோ அதே வடிவத்தில் இறுகிவிடும். வளைந்த காலோடு பிழைத்துக்கொள்ளும் பூச்சிகள் உண்டு, பல பிழைப்பதில்லை.

பெட்டியின் உயரம் பூச்சியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்று வளர்ப்பவர்கள் சொல்வதன் கணக்கு இப்போது புரியும். மேலே பழைய தோல் ஒரு நீளம். அதன் கீழே, முன்பைவிடப் பெரிதான புது உடல் இன்னொரு நீளத்துக்கும் மேல். மிச்சம் இருப்பது பாதுகாப்புக்கு. அகலம் இரண்டு மடங்கு இருந்தால் போதும். தரையில் ஐந்து சென்டிமீட்டருக்கு மண் நிரப்பினால் உயரத்தில் அதே அளவு குறைந்துவிடும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

சரி, ஜாடியை எப்படித் தயார் செய்வது? எனக்குப் பிடித்த வழி, அதைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவது. மூடி தரையாகிவிடும், ஜாடியின் அடிப்பாகம் கூரையாகிவிடும். அந்த அடிப்பாகத்தில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, நெருக்கமான வலைத்துணியை குளூ கன்னால் ஒட்டிவிடலாம். சுத்தம் செய்ய மூடியைத் திருகினால் தரை மட்டும் தனியாக வந்துவிடும். கூரையில் தொங்குகிற பூச்சியைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. சாதாரணமாக நிமிர்த்தி வைத்த ஜாடியில், தோலுரிக்கும் பூச்சி பெரும்பாலும் மூடியில்தான் தொங்கும். திறக்கவே முடியாது.

பக்கவாட்டில், தரைக்குச் சற்று மேலே இன்னொரு துளை போட்டு அதற்கும் வலை ஒட்ட வேண்டும். கீழே நுழையும் காற்று மேலே வெளியேறினால்தான் ஈரம் தேங்காது, பூஞ்சை பிடிக்காது. விரல் நுழையும் அளவுக்கு மூன்றாவது துளை ஒன்று போட்டு ஸ்பாஞ்சால் அடைத்து வைத்தால், இரை போட அதுவே வாசல். உள்ளே கூரை வரை சாய்வாக எட்டும் ஓரிரண்டு குச்சிகள், தரையில் டிஷ்யூ பேப்பர். அவ்வளவுதான். அழகுக்காக உள்ளே செடிகளை அடைத்தால் தொங்குவதற்கான வெற்றிடம்தான் குறையும்.

கூரைக்கு உலோக வலை வேண்டாம். சின்னப் பூச்சியின் பாத நுனி அதன் கண்ணிகளில் சிக்கிக் கிழியலாம். துணி வலை இணக்கமானது.

முட்டையிலிருந்தே தொடங்குகிறவர்களுக்குப் பொரிப்பு ஜாடியும் இதே அமைப்பில்தான். தாய்ப்பூச்சி முட்டைகளை ஒரு நுரைக்குள் இடுகிறது. தன் சுரப்பிகளிலிருந்து வரும் திரவத்தை வயிற்று நுனியால் கடைந்து நுரையாக்கிக்கொண்டே முட்டைகளை அடுக்கும். அந்த நுரை இறுகி முட்டைக்கூடாகிவிடும். நுரைக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தையும் குளிரையும் ஓரளவு தடுக்கிறது. ஒரு கூட்டிலிருந்து, இனத்தைப் பொறுத்து, சில டஜன் குஞ்சுகளும் வரலாம், 200க்கு மேலும் வரலாம். அவையும் தொங்கித்தான் பிறக்கின்றன. கால்கள் உடலோடு ஒட்டிய நிலையில், மெல்லிய சவ்வால் போர்த்தப்பட்டு, புழுப்போல நெளிந்து வெளியே வரும். பல இனங்களில் மெல்லிய இழையில் தொங்கியபடியே அந்தச் சவ்வை உடனே உரித்துப்போடும். முதல் தோலுரிப்பு அதுதான்.

ஆகையால் முட்டைக்கூட்டைத் தரையில் போட்டு வைக்கக் கூடாது. கூரைத்துணியில் குண்டூசியாலோ ஒரு சொட்டுப் பசையாலோ பொருத்தி, கீழே குறைந்தது ஐந்து சென்டிமீட்டராவது இடம் விட வேண்டும். கூட்டின் முதுகில் நீளவாக்கில் ஓடும் பட்டை வழியாகத்தான் குஞ்சுகள் வெளியேறும். பசை அந்தப் பக்கம் படக் கூடாது. குச்சியோடு கிடைத்த கூடாக இருந்தால் முன்பு இருந்த திசையிலேயே வைப்பது நல்லது.

வெப்பமண்டல இனங்களின் முட்டைகள் 25 முதல் 30 டிகிரி செல்சியஸில், அவ்வப்போது லேசான ஈரம் கிடைத்தால், பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதங்களில் பொரிந்துவிடும். குளிர்நாட்டு இனங்கள் வேறு ரகம். மாண்டிஸ் ரிலிஜியோசா என்னும் ஐரோப்பிய இனத்தின் முட்டைகள் குளிர்காலத்தைக் கடந்து வசந்தத்தில் பொரிபவை. அதனால் அவற்றைச் சில வாரங்கள் குளிரில் வைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. எந்த இனம் என்று தெரியாமல் ஒரு முட்டைக்கூட்டை வாங்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ஜாடியை நேர் வெயிலில் வைப்பதும் கூடாது. மூடிய பெட்டிக்குள் வெப்பம் மளமளவென்று ஏறிவிடும்.

சில நேரம் குஞ்சுகளுக்குப் பதிலாகக் கூட்டிலிருந்து பச்சை மினுமினுக்கும் குட்டிக் குளவிகள் வெளியே வரும். போடாக்ரியான் என்னும் ஒட்டுண்ணிக் குளவியின் வேலை இது. நீளமான முட்டையிடும் ஊசியை நுரைக்குள் செருகி, கும்பிடுபூச்சியின் முட்டைகளுக்குள் தன் முட்டைகளை வைத்துவிட்டுப் போயிருக்கும். கூட்டின் பக்கங்களில் வட்டமான பொடித் துளைகள் தெரிந்தால் குளவிகள் ஏற்கெனவே வெளியேறிவிட்டன என்று அர்த்தம். அப்போதும் கூட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். தப்பிய முட்டைகள் மீதி இருக்கக்கூடும்.

நூறு குஞ்சுகள் பிறந்த பிறகு இரைக்கு ஓடுவதில் பயனில்லை. குஞ்சுகளுக்கு ஏற்றது, பறக்க முடியாத வகைப் பழ ஈ. சுமார் 25 டிகிரியில் ஒரு தலைமுறை பழ ஈ வளரப் பத்து நாள் ஆகும். எனவே முட்டைக்கூடு வந்த நாளிலேயே ஈ வளர்ப்பைத் தொடங்கிவிட்டு, வாரம் ஒரு புது ஜாடி போட வேண்டும். பசி தெரிந்தால் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். முதல் ஓரிரு தோலுரிப்பு வரை ஒன்றாக வைத்திருக்கலாம். அப்புறம் ஆளுக்கொரு ஜாடிதான்.

இரை உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. கும்பிடுபூச்சிக்கு நம்மைப் போல இரு கண்களால் ஆழத்தை உணரும் பார்வை உண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேன்மெழுகால் அதன் முகத்தில் குட்டி 3டி கண்ணாடி ஒட்டி, திரையில் படம் காட்டி இதைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். 2018இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. காட்சியில் எங்கே மாற்றம் நிகழ்கிறதோ அந்த இடத்தின் தூரத்தையே அது கணக்கிடுகிறது. செத்து அசையாமல் கிடக்கும் ஈ அதற்கு இரையாகவே படாது. மேலும், ஈக்கள் கூரையை நோக்கி மேலேறுபவை, பூச்சி தொங்குவதும் அங்கேதான். இரையாகப் போடும் சுவர்க்கோழியோ தரையில் ஒளிந்துகொள்ளும். தோலுரிக்கும் பூச்சியைக் கடிக்கவும் செய்யும். ஓரிரு நாள் பூச்சி இரையைத் தொடாவிட்டால் தோலுரிப்பு நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, மீந்த இரையை எல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும். உரித்த பிறகும் ஒரு நாளாவது பொறுத்துத்தான் இரை தர வேண்டும்.

தண்ணீருக்குக் கிண்ணம் வேண்டாம். சுவரில் லேசாக ஸ்பிரே செய்தால் துளிகளை அதுவே குடித்துக்கொள்ளும். அடுத்த முறை தெளிப்பதற்குள் உள்ளே காய்ந்துவிட வேண்டும். ஒரேயடியாக வறண்டுபோனால் பழைய தோல் உடலோடு ஒட்டிக்கொள்ளும்.

பூச்சியின் கண்ணில் கரும்புள்ளி தெரிகிறதே என்று பயப்படுபவர்கள் தங்கள் தலையைச் சற்று நகர்த்திப் பார்க்கலாம். புள்ளியும் சேர்ந்து நகர்ந்தால் அது கூட்டுக்கண்ணின் அமைப்பால் தெரியும் தோற்றம் மட்டுமே. ஒரே இடத்தில் நின்றால், வெளியே போக முயன்று சுவரில் கண்ணை உரசிய காயமாக இருக்கலாம். பெட்டியை இடம் மாற்றியோ, பக்கச் சுவருக்குத் துணி மறைப்புக் கொடுத்தோ பார்க்க வேண்டும்.

இறக்கை முளைக்கும் கடைசித் தோலுரிப்புக்கு இடம் இன்னும் தாராளமாக வேண்டும். கசங்கிய இறக்கைகள் தொங்கியபடிதான் விரிந்து நீள்கின்றன. அதற்குப் பிறகு தோலுரிப்பு கிடையாது என்றாலும், வயிறு பெருத்த பெண்பூச்சி உயரத்திலிருந்து விழுந்தால் வயிறே வெடிக்கக்கூடும். எனவே பிடிமானமும் அளவான தீனியும் தொடர வேண்டும். இணை சேராத பெண்ணும் முட்டைக்கூடு கட்டும். ஆனால் அது பொதுவாகப் பொரியாது. இணை சேர்ந்த பூச்சியின் கூடு பொரிந்து, குஞ்சுகள் கைமீறிப் பெருகினால், உங்கள் பகுதியைச் சேராத இனத்தைத் தோட்டத்தில் விட்டுவிடக் கூடாது. வளர்க்கிற வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.