டெஸ்ட்ராயர்: எதை அழிக்கும் கப்பல்?

டெஸ்ட்ராயர் என்றதும் கடற்படையிலேயே பெரிய கப்பல் அதுதான் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பெயர் அப்படி. ஆனால் இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் போர்க்கப்பல் வரிசையில் அது கடைக்குட்டி மாதிரி. ஜப்பானின் யமாட்டோ சுமார் 70,000 டன். அமெரிக்காவின் ஃபிளெட்சர் வகை டெஸ்ட்ராயர் சுமார் 2,100 டன். கவசம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. அதில் வேலை பார்த்த அமெரிக்க மாலுமிகளே அதைத் 'தகர டப்பா' என்றுதான் சொன்னார்கள். தகர டப்பாவுக்கு இவ்வளவு பெரிய பெயர் எப்படி வந்தது? பெயரில் பாதி உதிர்ந்துபோனதால் வந்தது.

முழுப்பெயர் 'டார்பிடோ போட் டெஸ்ட்ராயர்'. டார்பிடோப் படகுகளை அழிக்கும் கப்பல், அவ்வளவுதான். டார்பிடோ என்பதற்கும் ஒரு கதை உண்டு. லத்தீனில் மரத்துப்போவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த சொல் அது. தொட்டவுடன் மின்சாரம் பாய்ச்சிக் கையை மரக்கவைக்கும் ஒருவகைத் திருக்கை மீனுக்கு அந்தப் பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது நீருக்கடியில் வைக்கும் கண்ணிவெடிக்கும் டார்பிடோ என்றே பெயர். 1866-ல் ராபர்ட் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலப் பொறியாளர், இன்று குரோவேஷியாவில் ரியேக்கா எனப்படும் ஃபியூமெ துறைமுகத்தில், தானாகவே நீருக்குள் ஓடிப்போய் வெடிக்கும் குண்டைச் செய்துகாட்டினார். அதற்கப்புறம் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது.

பெரிய கடற்படைகளுக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய கவசக் கப்பலை, இருட்டில் நழுவி வரும் ஒரு சின்னப் படகு அடியில் துளைத்துக் கவிழ்த்துவிடலாம். அந்தப் படகுகளை ஓடிப்பிடிக்க வேகமான கப்பல் வேண்டியிருந்தது. ஸ்பெயின் நாட்டுக் கடற்படை அதிகாரி ஃபெர்னாண்டோ வில்லாமில் சொன்னபடி ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு 1886-ல் நீரில் இறங்கிய கப்பலுக்கு 'தெஸ்துருக்தோர்' என்றே பெயர். அழிப்பவன் என்று பொருள். பிரிட்டன் முதலில் 'பிடிப்பான்' என்ற பொருளில் 'கேட்சர்' கப்பல்களைக் கட்டிப் பார்த்தது. பிடிக்க வேண்டிய படகை எட்டிப்பிடிக்கும் வேகம் அவற்றுக்கு இல்லை. பிறகு 1893-ல் ஹேவக் என்ற கப்பல் வந்தது. சுமார் 26 நாட் வேகம், அதாவது மணிக்கு 26 கடல்மைல். 'டார்பிடோ போட் டெஸ்ட்ராயர்' என்ற பெயர் நிலைத்தது அந்த வகைக் கப்பல்களில்தான்.

வேடிக்கை என்னவென்றால், படகை அழிக்க வந்த கப்பலிலும் டார்பிடோக் குழாய்களைப் பொருத்தினார்கள். படகைவிட வேகம், படகைவிட வலிமை, கையில் அதே ஆயுதம். அப்புறம் படகு எதற்கு? 1904 பிப்ரவரியில் போர்ட் ஆர்தர் துறைமுகத்தில் நின்ற ரஷ்யக் கப்பல்கள் மீது இரவோடு இரவாக டார்பிடோ வீசியவை ஜப்பானின் டெஸ்ட்ராயர்களே. திருடனைப் பிடிக்க வைத்த காவல்காரன் திருடன் வேலையையும் சேர்த்துச் செய்ய ஆரம்பித்துவிட்டான். டார்பிடோப் படகு பின்னுக்குப் போகப் போக, பெயரிலிருந்தும் அது கழன்றுவிட்டது. எதை அழிப்பது என்று சொல்லாத 'அழிப்பான்' மட்டும் மிஞ்சியது.

மற்ற மொழிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இத்தாலியில் 'காச்சாதோர்பெதினியேரே', டச்சில் 'டார்பிடோபோட்யாகர்'. இரண்டுக்கும் டார்பிடோப் படகை வேட்டையாடுவது என்று பொருள்; இரண்டிலும் படகு பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஜெர்மன் 'ட்செர்ஷ்டோரர்', இந்தி 'வித்வன்சக்' இரண்டும் ஆங்கிலத்தைப் போலவே வெறும் அழிப்பான். ஜப்பானியரின் 'குச்சிகுகான்' எனக்கு மிகவும் பிடித்தது. விரட்டியடிக்கும் கப்பல் என்று பொருள். அழிப்பேன் என்று மார்தட்டாமல், கிட்டே வராதே என்று துரத்துகிற பெயர்.

சொல்லின் முதல் பொருள் பசிபிக் போரில் ஒருமுறை எழுத்துக்கு எழுத்து பலித்தது. குவாடல்கனால் சண்டைக் காலத்திலிருந்தே, சாலமன் தீவுகளில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சரக்குக் கப்பல்களைப் பகலில் அனுப்ப முடியவில்லை. அமெரிக்க விமானங்கள் விடவில்லை. எனவே ஆட்களையும் அரிசியையும் டெஸ்ட்ராயர்களில் ஏற்றி இரவில் விரைந்து போய் இறக்கிவிட்டு, விடிவதற்குள் ஓடிவந்தார்கள். அமெரிக்கர்கள் இதை 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' என்றார்கள். ஜப்பானியர்களோ 'எலிப் போக்குவரத்து' என்றார்கள். போர்க்கப்பலை மூட்டை தூக்க வைத்த கசப்பு அந்தப் பெயரிலேயே தெரிகிறது. அப்படிச் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய அமகிரி என்ற டெஸ்ட்ராயர், 1943 ஆகஸ்ட் 2 அதிகாலை இருட்டில் ஒரு மரப்படகின் மீது மோதி அதை இரண்டாகப் பிளந்தது. அது பி.டி. 109 என்ற அமெரிக்க டார்பிடோப் படகு. 13 பேரில் இருவர் இறந்தார்கள். தப்பித்த படகுத் தலைவருக்கு அப்போது வயது 26. பெயர் ஜான் கென்னடி. அரை நூற்றாண்டுக்கு முன் எந்த வேலைக்காகப் பெயர் வைத்தார்களோ அந்த வேலை அன்றைக்கு நடந்துவிட்டது.

மற்றபடி பசிபிக்கில் டெஸ்ட்ராயரின் வேலை காவல்தான். நீர்மூழ்கிகளைத் தேடி ஆழ்குண்டு போடுவது, விமானந்தாங்கியைச் சுற்றி நின்று எதிரி விமானங்களைச் சுடுவது, தீவில் படை இறங்கும்போது கரையைப் பீரங்கியால் அடிப்பது, கடலில் விழுந்த விமானியைத் தூக்குவது. 1944 அக்டோபர் 25 காலை பிலிப்பைன்ஸின் சமர் தீவருகே நடந்ததைப் பார்த்தால் அந்தக் காவல் என்னவென்று புரியும். ஆறு சிறிய விமானந்தாங்கிகளும், அவற்றுக்குக் காவலாக மூன்று டெஸ்ட்ராயர்களும் நான்கு சிறிய துணைக் கப்பல்களும் நின்றிருந்தன. அவற்றின் முன் யமாட்டோ உட்பட நான்கு பெரும்போர்க்கப்பல்களும், அளவில் அவற்றுக்கு அடுத்தபடியான ஆறு கனரகக் குரூசர்களும் வந்து நின்றன. ஜான்ஸ்டன் என்ற டெஸ்ட்ராயரின் தலைவர் எர்னஸ்ட் எவன்ஸ் கட்டளைக்குக் காத்திருக்கவில்லை. புகைத்திரை விட்டபடி நேரே எதிரியை நோக்கிப் போய்ப் பத்து டார்பிடோக்களையும் விட்டுவிட்டார். ஒன்று குமானோ என்ற குரூசரின் முகப்பைப் பெயர்த்தது.

திரும்பும்போது ஜான்ஸ்டன் அடிபட்டது. வேகம் பாதியாகி 17 நாட் அளவுக்கு இறங்கியது. எவன்ஸின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. பிறகு மேல்தளத்துக் கட்டுப்பாடும் போகவே, அவர் கப்பலின் பின்புறத்துக்குப் போய் நின்று, தளத்துத் துவாரம் வழியாகக் கீழே குரல் கொடுத்தார். கீழே இருந்த மாலுமிகள் கையாலேயே சுக்கானைத் திருப்பினார்கள். சில பெருங்குண்டுகள் கனத்த கவசத்தைத் துளைக்கச் செய்யப்பட்டவை என்பதால், அன்று அமெரிக்கக் கப்பல்களின் மெல்லிய தகட்டில் வெடிக்காமலேயே ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறின. தகர டப்பாவாக இருப்பதிலும் ஒரு லாபம். காலை 10 மணியளவில் ஜான்ஸ்டன் மூழ்கியது. 327 பேரில் 141 பேர் பிழைத்தார்கள். எவன்ஸ் அவர்களில் இல்லை. ஜப்பானியக் கடற்படை திரும்பிப் போய்விட்டது. 2021-ல் ஆறு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் ஜான்ஸ்டனின் சிதைவை அடையாளம் கண்டபோது, கப்பலின் பக்கவாட்டில் எழுதிய 557 என்ற எண் அப்படியே இருந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? மூன்று சொற்கள் புழங்குகின்றன: நாசகாரி, அழிகலன், அழிப்புக் கப்பல்.

நாசகாரியை இலங்கைத் தமிழ் எழுத்தில் அடிக்கடி பார்க்கலாம். அந்தக் கடலுக்கும் இந்தக் கப்பல் புதிதல்ல. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கியை மூழ்கடித்தபோது, காவலுக்கு வந்த வாம்பயர் என்ற ஆஸ்திரேலிய டெஸ்ட்ராயரும் கூடவே போனது. நாசகாரி சொல்லுக்குச் சொல் சரியான பெயர்ப்புதான். சங்கடம் வேறு. நாசவேலை, நாசகாரக் கும்பல் என்று தண்டவாளத்தைப் பெயர்ப்பவர்களுக்கு எழுதி எழுதி அந்தச் சொல்லுக்குச் சதிவாடை ஏறிவிட்டது. துணைக்கு நிற்கும் காவல் கப்பலுக்கு அது பொருந்தவில்லை என்பது என் எண்ணம்.

அழிகலன் காதுக்கு அழகு. கலம், கலன் என்று பழைய மணமும் இருக்கிறது. ஆனால் இலக்கணம் காலை வாரிவிடுகிறது. 'அழி' தமிழில் தன்வினையாகவும் வரும், பிறவினையாகவும் வரும். அழிகலன் என்று வினைத்தொகையாக்கினால், அழிக்கும் கலன் என்றும் கொள்ளலாம், அழிந்த கலன் என்றும் கொள்ளலாம். 175 கட்டப்பட்ட ஃபிளெட்சர் வகையில் போரில் மூழ்கியவை 19. அவற்றுக்கு வேண்டுமானால் அந்தப் பெயர் இரு பொருளிலும் பொருந்தும்.

அழிப்புக் கப்பலில் இந்தக் குழப்பம் இல்லை. 'அழிப்பு' என்றாலே பிறவினை. அழிவு என்று யாரும் மாற்றிப் படிக்க மாட்டார்கள். எதை அழிப்பது என்று அதுவும் சொல்லவில்லைதான். ஆங்கிலமே சொல்லாமல் விட்டதைத் தமிழின் தலையில் கட்ட வேண்டாம். ஐ.என்.எஸ். சென்னை பற்றிய செய்தியில் 'ஏவுகணை அழிப்புக் கப்பல்' என்று எழுதினால் மட்டும் கவனம் வேண்டும். ஏவுகணையை அழிக்கும் கப்பல் என்றாகிவிடும். 'ஏவுகணை தாங்கிய அழிப்புக் கப்பல்' என்பதே சரி.

இதே வம்பு 'டெஸ்ட்ராயர் எஸ்கார்ட்' என்ற வகையிலும் உண்டு. சமர் தீவருகே நின்ற அந்த நான்கு சிறிய துணைக் கப்பல்கள் இந்த வகைதான். 'அழிப்புக் கப்பல் காவலன்' என்று பெயர்த்தால், அழிப்புக் கப்பலுக்கே காவல் போவது போல ஆகிறது. உண்மையில் அது சரக்குக் கப்பல் கூட்டங்களுக்கும் சிறிய விமானந்தாங்கிகளுக்கும் காவலாகப் போக மலிவாகக் கட்டிய குட்டி டெஸ்ட்ராயர். 'காவல் அழிப்புக் கப்பல்' என்று முன்பின் மாற்றிப் போட்டால் போதும்.