பெருமழை நாளில் பள்ளியை எப்போது விடுவது?

மழை வலுத்ததும் ஆசிரியர் அறையில் முதலில் எழும் குரல், "சீக்கிரம் விட்டுடலாம் டீச்சர்" என்பதுதான். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் மும்பையில் பல நேரம் அதுவே தப்பான முடிவாகிவிடுகிறது. மாடி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஆபத்து குறைவு. பள்ளி வாசலுக்கும் வீட்டுப் படிக்கும் நடுவிலுள்ள அரை கிலோமீட்டரில்தான் எல்லா ஆபத்தும் கிடக்கிறது. தாராவி, சயான் கோலிவாடா, குர்லா பக்கத்துப் பிள்ளைகள் நடந்தே வருகிறவர்கள். சந்து நிறைந்தால் சாக்கடை எது, பாதை எது என்று பெரியவர்களுக்கே தெரியாது.

2005 ஜூலை 26-ஐ மறக்க முடியாது. மும்பையின் சாந்தாகுரூஸ் பகுதியில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பெய்தது. அதே நாள், அதே நகரின் தென்முனையான கொலாபாவில் 100 மி.மீ. கூட இல்லை. பெரும்பகுதி கொட்டியது பிற்பகலில், பள்ளி விடும் நேரத்தை ஒட்டி. நம் ஜன்னலுக்கு வெளியே தெரியும் வானத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு நாள் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது கடல் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி உச்சத்தைத் தொடும் நேரம். மராத்தியில் பர்த்தி என்பார்கள். மும்பையின் மழைநீர் நாலாக்கள் (பெரிய வாய்க்கால்கள்) கடலிலும் கழிமுகத்திலும் போய் விழுகின்றன. தாராவியை ஒட்டி ஓடும் மித்தி நதியும் மாஹிம் கழிமுகத்தில்தான் சேர்கிறது. ஓதம் ஏறினால் வாய்க்காலின் வாய் அடைபடும், தெருத் தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கும். 4.5 மீட்டருக்கு மேல் ஓதம் ஏறும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி மழைக்காலத்துக்கு முன்பே வெளியிட்டுவிடும். அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டி வையுங்கள். ஓதம் 2 மணிக்கு என்றால், 12 முதல் 4 வரை பெரிதாகத் தண்ணீர் வடியாது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 11.30-க்குள் அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். தவறிவிட்டால் 4 மணி தாண்டும்வரை பிடித்து வையுங்கள். நடுவில் விடுவதுதான் மோசம். மறுநாள் இதே ஓதம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி வரும்.

வானிலைத் துறையின் சிவப்பு எச்சரிக்கை 24 மணி நேரத்தில் 204.4 மி.மீ.க்கு மேல் பெய்யலாம் என்பதற்கு. ஆரஞ்சு 115.6 முதல் 204.4 வரை. இந்த நிறங்கள் நாள் முழுவதற்குமானவை. மணியடிக்கும் முடிவுக்கு அடுத்த மூன்று மணி நேர முன்னறிவிப்பே உதவும். சந்தேகமென்றால் மாநகராட்சியின் உதவி எண் 1916-ஐ அழைத்துக் கேட்கலாம். வாட்ஸ்அப்பை மட்டும் நம்பவே வேண்டாம், அதில் ஒவ்வோர் ஆண்டும் பழைய வெள்ளக் காணொளி புதிதாகப் பிறக்கிறது.

இரண்டு ஷிஃப்ட் பள்ளிகளில் சிக்கல் இரட்டிப்பு. பிற்பகல் ஷிஃப்ட்டுக்கு விடுமுறை என்ற அறிவிப்பு வரும்போது காலை ஷிஃப்ட் பிள்ளைகள் உள்ளே இருப்பார்கள், பிற்பகல் பிள்ளைகளில் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். வந்து சேர்ந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பாமல் உள்ளே அழைத்து, பெயர் எழுதிக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரு நோட்டுப் புத்தகம். வகுப்புக்கு ஒன்று, காகிதத்தில். கைபேசியில் வைத்தால் சார்ஜ் போன மூன்றாவது மணியில் பட்டியலும் போய்விடும். பிள்ளை பெயர், இரண்டு தொலைபேசி எண், சந்தின் அடையாளம், அழைத்துப் போக அனுமதியுள்ள இருவர் பெயர் இருந்தால் போதும். பெற்றோர் எண் ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கும் என்பதால் இரண்டாவது எண் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும். "எனக்கு அந்த மாமாவைத் தெரியும் டீச்சர்" என்று பிள்ளை சொன்னாலும், பட்டியலில் இல்லாதவரிடம் ஒப்படைக்காதீர்கள். வாங்கிப் போகிறவர் கையெழுத்து அவசியம்.

நடந்து அனுப்பும்போது ஒரே சந்துப் பிள்ளைகளைச் சேர்த்து, பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். கணுக்கால் அளவுத் தண்ணீர் ஓடாமல் நின்றால் கடக்கலாம். வேகமாக ஓடினால் அரை அடித் தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். முன்னால் போகிறவர் கையில் ஒரு கம்பு இருக்கட்டும், மேன்ஹோல் மூடி இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க. 2017 ஆகஸ்ட் 29 மழையில் ஒரு மருத்துவர் திறந்திருந்த மேன்ஹோலில் விழுந்துதான் இறந்தார். மின்கம்பம், மின்பெட்டி, இரும்பு ஷட்டர் எதையும் தொடக் கூடாது என்று ஜூனிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

பிடித்து வைப்பதென்றால் வெறுங்கையோடு முடியாது. 40 பிள்ளைகளுக்கு 20 லிட்டர் கேன் இரண்டு, ஆளுக்கு இரண்டு பாக்கெட் பிஸ்கட், டார்ச், சானிட்டரி நாப்கின். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது, எனவே காலையிலேயே மாடித் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாமல் போவதுதான் பசியைவிட முதலில் தொல்லை கொடுக்கும். தரைத்தளம் நனையத் தொடங்கும் முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள், நின்ற தண்ணீரில் இறங்கி அணைக்கப் போகாதீர்கள். அரை மணிக்கொரு முறை பெயர் சொல்லி ஆஜர் எடுங்கள். தலை எண்ணினால் போதாது.

யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: டீச்சரின் சொந்தப் பிள்ளை எங்கே? டோம்பிவிலி, கல்யாண், முலுண்ட் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு சயான், குர்லாவில் தண்டவாளம் மூழ்கினால் அன்றிரவு வீடு இல்லை. அங்கே ஆறு வயதுப் பிள்ளை தனியாக இருக்கும்போது இங்கே நாற்பது பேரைப் பொறுமையாகப் பார்த்துக்கொள் என்பது நியாயமில்லை. யார் முதலில் கிளம்புவது, யார் தங்குவது என்பதை மழை கொட்டும்போது பேசினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். கைக்குழந்தை உள்ளவர், வீட்டில் நோயாளி உள்ளவர் முதலில். நடக்கிற தூரத்தில் இருப்பவர் கடைசியில். ஒவ்வொரு மாடிக்கும் இருவராவது தங்க வேண்டும், அதில் ஒருவர் பெண். இதை ஜூன் முதல் வாரமே எழுதி எல்லாரும் கையெழுத்திட்டுவிட வேண்டும். உங்கள் வீட்டுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து வையுங்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் அழைத்துப் போக இன்னொருவர் பெயரைக் கொடுங்கள்.

வெள்ளத் தண்ணீரில் நடந்தவர்கள், குறிப்பாகக் காலில் புண் உள்ளவர்கள், 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி மருந்தகத்துக்குப் போவது நல்லது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரலாம். தடுப்பு மாத்திரையை மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும், ஏனென்றால் பெரியவர்களுக்குத் தரும் டாக்ஸிசைக்ளின் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. நோய் தலைகாட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை ஆஜர் எடுக்கும்போது காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று எந்தப் பிள்ளை சொன்னாலும், அன்றே வீட்டுக்குத் தகவல் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள்.