மேடை மூடினால் நடிகனுக்கு என்ன ஆகிறது?

என்னிடம் நாடகம் பழக வரும் பிள்ளைகளிடம் பெருந்தொற்றுக்குப் பிறகு ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். வசனத்தைச் சொல்லி முடித்ததும் எதிரே நிற்பவரைப் பார்ப்பதில்லை. அவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று கவனிக்காமலே அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறார்கள். கைப்பேசியைப் பார்த்தே நடித்துப் பழகிய கண்கள். மேடை மூடிக்கிடந்த காலம் நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பங்குனி உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக்களை நம்பித்தான் எங்களைப் போன்ற குழுக்களின் வருடம் ஓடும். முதலில் மார்ச் 31 வரை என்றார்கள். நீட்டித்தார்கள். ஜூனில் தளர்த்தினார்கள். 2021 ஜனவரியில் பேராக்கிலும் மறுபடி இறுகியது, ஜூன் 1-ல் நாடு முழுக்க அடைத்தார்கள். ஒரேயடியாக மூடியிருந்தால்கூட மனசு ஒரு கணக்குப் போட்டிருக்கும். திறப்பதும் மூடுவதுமாக இருந்ததுதான் நடிகர்களை அதிகம் உலுக்கியது. பாதி ஒத்திகையில் நின்றுபோய், மறுபடி கூடும்போது கதாநாயகன் சாப்பாடு டெலிவரிக்குப் போயிருப்பான், மிருதங்கக்காரர் வாசிப்பையே விட்டிருப்பார்.

அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருந்தது: கொள்ளைநோயால் லண்டன் அரங்குகள் மூடிக்கிடந்தபோது ஓர் ஆங்கில நாடகாசிரியர் மாபெரும் நாடகம் எழுதினாராம், நீ என்ன எழுதினாய்? அதை அனுப்பியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் வாடகைக்கே வழியில்லாதவனிடம் காவியம் கேட்டால் அவனுக்குக் குற்ற உணர்வுதான் மிஞ்சும். சிலர் வம்படியாக முகநூல் நேரலையில் இறங்கினார்கள். மேடையில் ஒரு நகைச்சுவை வரியைச் சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கூட்டத்தின் சிரிப்பு. நேரலையில் சிரிப்பு, மூன்று வரிக்குப் பிறகு, மஞ்சள் முகமாக வந்து சேரும். நடிகன் தன் கால அளவைத் தொலைப்பது இப்படித்தான்.

குரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வாரக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஓர் அறைக்குள் கைப்பேசியின் முன்னால் மேடைக் குரலில் முழங்கினால் தொண்டை கட்டும். மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டிய அவசியம் என்ன? நான் சொல்லித் தருவது இதுதான். அரை குவளைத் தண்ணீரில் ஓர் உறிஞ்சுகுழாயை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு, ‘ஊ’ என்று மெதுவாக ஊதிக்கொண்டே குரலைத் தாழ்விலிருந்து மேலே ஏற்றி இறக்குங்கள். குமிழி சீராக வர வேண்டும். குரல் சிகிச்சையாளர்களும் பயன்படுத்தும் முறைதான், சில நிமிடங்கள் போதும். வரிசை வீடுகளில் இன்னொரு சௌகரியம், பக்கத்து வீட்டு அக்கா “பையனுக்குச் சாமி வந்திருச்சா?” என்று விசாரிக்க வரமாட்டார். கோவிட் வந்து இருமல் இருப்பவர்கள் கத்திப் பேசும் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது தொண்டைக்கு இதம், குரல்நாண்வரை அது போவதில்லை. மூன்று வாரம் கடந்தும் குரல் கம்மியிருந்தால் கிளினிக்கில் சொல்லி, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி ஒன்று மட்டும். சொக்சோ என்னும் அரசாங்கச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் சுயதொழில் செய்வோருக்கு நடத்தும் திட்டத்தில் கலைஞர்களும் சேரலாம். சேருங்கள். ஆனால் அது மேடையில் விழுந்து காலை முறித்துக்கொண்டால் உதவும், மேடையே இல்லாமல் போனால் உதவாது. அதற்கென்று தனியாக ஒரு சேமிப்பு இருக்கத்தான் வேண்டும்.

மனசுக்கு வருகிறேன். நடிகன் “நல்லா இருக்கேன் அண்ணே” என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். அப்படிச் சொல்வது அவன் தொழில். கவனிக்க வேண்டியவை இவை: தூக்கம் தலைகீழாவது, குழு அழைப்புகளில் படத்தை அணைத்துவிட்டு உட்காருவது, வேஷப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடத் துடிப்பது, சாயங்காலம் ஆனதும் போத்தலைத் தேடுவது. கடைசியதை நம் ஊர்களில் ‘பொழுதுபோக்கு’ என்று கண்டுகொள்ளாமல் விடுகிறோம். இரண்டு வாரமாக ஒருவர் இப்படி இருந்தால் அரசாங்க சுகாதார கிளினிக்குக்குக் கூட்டிப் போகலாம். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விட்டுவிடாமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் எண் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999.

என் குழுவினரைப் பெரிதும் தாங்கிப் பிடித்தது இவற்றுக்கு வெளியே இருந்து வந்தது. ஆளுக்கு ஒரு பெரியவர் என்று பிரித்துக்கொண்டு, தோட்டத்துப் பழைய கதைகளைக் கேட்கத் தொலைபேசியில் அழைத்தோம். எனக்கு வாய்த்தவர் எண்பதைக் கடந்த ஒரு பாட்டி. “வெளியே போக முடியலைங்க பாட்டி” என்றதும் சிரித்தார். “கோப்பி கலக்கிக் குடிச்சிட்டு வீட்டுல உக்காரச் சொன்னா அது ஒரு கஷ்டமா தம்பி?”

பாட்டி மனசில் இருந்தது வேறோர் அடைப்பு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. தள்ளித் தள்ளி இருந்த லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, ஒரே இடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள், ராத்திரியில் ஊரடங்கு. “எங்கம்மா பால்மரம் வெட்டப் போனா தூக்குச்சட்டியில சோறு கொண்டுபோக முடியாது. கேட்டுலயே பாத்துப் பிடுங்கிடுவாங்க. காட்டுல இருக்கற கம்யூனிஸ்டுக்காரங்களுக்குப் போயிடுமாம்.”

அவர்கள் பட்டதோடு ஒப்பிட்டால் நாம் பட்டது ஒன்றுமில்லை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படி ஒப்பிட்டு யாருடைய வாயையும் அடைக்கக் கூடாது. நான் கவனித்தது வேறு. அந்த வேலி மக்களை நெருக்கிச் சேர்த்து அடைத்தது. கேட்டு மூடிய பிறகு என்ன செய்தீர்கள் என்றால், “வாசல்ல உக்காந்து பேசுவோம், பாடுவோம்” என்கிறார் பாட்டி. நம்மையோ தனித்தனியாக அடைத்தார்கள். நடிகன் ஏங்கியது விளக்குக்கும் கைதட்டலுக்கும் என்று நாங்களே நினைத்துக்கொண்டிருந்தோம். ஓர் ஆள் எதிரே இருந்து பதில் சொன்னால் பாதி ஏக்கம் தீர்ந்தது. பாட்டியோடு பேசிய நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

இப்போது என் வகுப்பில் தொடக்கத்தில் வசனம் கொடுப்பதில்லை. ஒரு பெரியவரிடம் பேசிவிட்டு, அவர் எந்த இடத்தில் நிறுத்தினார், எங்கே பேச்சை மாற்றினார் என்பதை நடித்துக் காட்ட வேண்டும். செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: காணொளி வேண்டாம், வயதானவர்கள் திரையைப் பார்த்ததும் விறைத்துக்கொள்கிறார்கள். “அந்தக் காலத்தைப் பத்திச் சொல்லுங்க” என்று பொதுவாகக் கேட்காமல், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், பெரட்டுக்கு (விடியலில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் கூட்டம்) எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேளுங்கள். பதிவு செய்வதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். மகளோ பேத்தியோ பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து அழையுங்கள். காது கேட்காத இடங்களில் அவர்களே கேள்வியை எடுத்துச் சொல்வார்கள்.