கஞ்சா வழக்கா? முதலில் எடையைப் பாருங்கள்

"கஞ்சான்னாலே பத்து வருசம்னு சொல்றாங்களே தம்பி, நெசமாவா?" நீதிமன்ற வாசலில் ஓர் அம்மா கேட்டார். மகனிடம் பிடிபட்டது நாலு பொட்டலம். அவர் கையில் கசங்கிக் கிடந்த எஃப்.ஐ.ஆர். நகலில் எடை 40 கிராம் என்றிருந்தது. யாரோ அவரை நன்றாகப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள்.

போலீசார் என்.டி.பி.எஸ். என்று சொல்லும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் தண்டனை எடையைப் பொறுத்தது. கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் 'சிறிய அளவு': ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு': குறைந்தது 10 ஆண்டு, அதிகம் போனால் 20, அபராதமும் 1 லட்சத்துக்குக் குறையாது. இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை. ஜாமீனை மிகவும் கடினமாக்கும் 37-ஆம் பிரிவின் நிபந்தனைகள் வணிக அளவுக்குத்தான். 40 கிராமுக்கு இல்லை. எடைவாரியான இந்தப் படிநிலைகளும் 2001 திருத்தத்தில்தான் வந்தன.

அப்படியானால் எதை எடை போடுகிறார்கள்? சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூத்த, காய்த்த நுனி. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் வராது. தண்டு, இலை, விதை எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டதைக் காட்டி உயர் நீதிமன்றங்களில் ஜாமீன் வாங்கிய வழக்குகள் உண்டு. மகஜரை, அதாவது பொருளைக் கைப்பற்றியபோது போலீசார் எழுதும் பதிவை, வக்கீல் வரி வரியாகப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இலைக்கு மட்டும் ஏன் விலக்கு? வட மாநிலங்கள் சிலவற்றில் கஞ்சா இலையில் செய்யும் பாங் இன்றும் உரிமம் பெற்ற கடைகளில் விற்கிறது; அந்தப் பழக்கம் மிகப் பழையது. 1893-இல் கஞ்சா பற்றி ஆராய பிரிட்டிஷ் அரசு அமைத்த ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரித்து, அளவான பயன்பாடு பெரும்பாலும் தீங்கில்லை, முழுத்தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்றது. 1961-இன் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தம்தான் திசையை மாற்றியது. மருத்துவம் சாராத பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு அவகாசம் கொடுத்த அந்த ஒப்பந்தமும் இலையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவகாசம் முடியும் தறுவாயில் வந்ததே நம் 1985 சட்டம். 2020 டிசம்பரில் மிக ஆபத்தான பொருட்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க ஐ.நா.வில் இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஆனாலும் உள்நாட்டுத் தண்டனையில் மாற்றமில்லை.

இனி உரிமைகள். உடலைச் சோதனையிடும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டென்று போலீசார் சொல்லியாக வேண்டும் (பிரிவு 50). கையில் வைத்திருக்கும் பைக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பலருக்கும் தெரியாதது 64ஏ பிரிவு. பழக்கத்துக்கு அடிமையானவர், உட்கொண்ட குற்றத்திலோ சிறிய அளவு வழக்கிலோ சிக்கியிருந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கும் போய்விடும். என்னைக் கேட்டால், இந்தச் சட்டத்தில் மனிதரை மனிதராகப் பார்க்கும் இடம் இதுதான். காவல் நிலையச் சுவரில் எழுதி வைக்க வேண்டிய பிரிவு.

வக்கீல் வைக்கப் பணமில்லையா? காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். அந்த அம்மாவுக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்ததும் அந்த எண்ணைத்தான்.