இருமினால்தானே சளி வரும்?

குடியாத்தத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். 15 ஆண்டுகளுக்கு முன் காசநோய்க்கு மருந்து உட்கொண்டு குணமான அவருடைய தாயாருக்கு, இப்போது காலையில் எழுந்தவுடன் கால் டம்ளர் அளவுக்குக் கோழை வருகிறது. நுரையீரலில் மூச்சுக்குழாய் விரிந்துவிட்டது என்றார்களாம். வேலூரில் பார்த்த பிசியோதெரபிஸ்ட், "முக்கி முக்கி இருமாதீங்கம்மா, வாயைத் திறந்து கண்ணாடியில ஆவி படியுற மாதிரி 'ஹா'ன்னு ஊதுங்க" என்று பழக்கி அனுப்பியிருக்கிறார். இருமினால்தானே சளி வரும், ஊதினால் எப்படி வரும் என்பது கேள்வி.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள குறு இழைகள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, சளியைத் தொண்டை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன என்பது பள்ளியில் படித்ததே. காசநோய் விட்டுச்சென்ற தழும்பால் குழாய் விரிந்து, இழைகளும் அழிந்த இடத்தில் சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் கிருமி வளர்ந்து சுவரை மேலும் அரிக்கிறது. ஆகவே அங்கே சளியை நகர்த்தக் காற்றைத்தான் நம்ப வேண்டும்.

காற்று அதை எப்படிச் செய்கிறது என்பதுதான் எனக்கு அலுக்காத பகுதி. நாம் விசையோடு ஊதும்போது மார்புத் தசைகள் நுரையீரலை வெளியிலிருந்து 30 அலகு அழுத்தத்தோடு நெருக்குவதாகக் கொள்வோம். விரிந்த நுரையீரல் தானாகச் சுருங்க முயலும் விசை 10 அலகு என்றால், மூச்சுக்குழாய்க் கிளைகளின் நுனியில் இருக்கும் காற்று நுண்ணறைக்குள் அழுத்தம் 40, வாயருகே பூஜ்யம். 40 படிப்படியாகக் குறைந்து பூஜ்யமாகும் வழியில் ஓரிடத்தில் அது 30 ஆகியே தீர வேண்டும். அந்த இடத்தில் குழாயின் உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமம். அதற்கு மேல், வாய்ப்பக்கம், வெளியழுத்தமே மிகுதி என்பதால் குழாய் நெரிபட்டுக் குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று வேகமெடுத்துச் சுவரில் ஒட்டிய சளியை வழித்துக்கொண்டு போகிறது.

இதைவிட அழகானது, அந்தச் சமப்புள்ளி ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது. நுரையீரல் காலியாகக் காலியாக, அதன் சுருங்குவிசை 10லிருந்து 5 ஆகக் குறைகிறது. இப்போது நுண்ணறையில் 35தான். அது 30 ஆக வெகுதூரம் போக வேண்டியதில்லை. எனவே சமப்புள்ளி உள்நோக்கி, சிறு குழாய்களுக்குள் நகர்கிறது. நடுத்தர மூச்சு இழுத்து நீளமாக ஊதினால் ஆழத்துச் சளி அசைவதும், நெஞ்சு நிறைய இழுத்துச் சுருக்கென ஊதினால் பெரிய குழாய்ச் சளி மேலேறுவதும் இதனால்தான்.

இருமலில் குரல்வளை மூடிக்கொண்டு அழுத்தம் பன்மடங்கு ஏறிய பிறகே திறக்கிறது. திடமான குழாய் அதைத் தாங்கும். தளர்ந்துபோன குழாயோ, இளநீர்க் கடையில் ஊறிப்போன காகித உறிஞ்சுகுழல் அவசரமாக இழுத்தால் ஒட்டிக்கொள்வதைப் போல முற்றிலும் மூடிக்கொள்ளும். சளி உள்ளேயே நிற்கும், நோயாளிதான் களைத்துப் போவார். 'ஹா' என்று ஊதும்போது குரல்வளை திறந்தே இருப்பதால் அழுத்தம் அவ்வளவு ஏறுவதில்லை.

ஊதுவதற்கு முன் ஆழ்ந்து இழுத்து 3 நொடி அடக்கச் சொல்வதும் சடங்கன்று. நுண்ணறைகளுக்கு இடையே நுண்துளைகள் உண்டு. ஹான்ஸ் கோன் 1893இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அவை வழங்குகின்றன. அடைபட்ட குழாயைச் சுற்றிக்கொண்டு காற்று சளியின் பின்பக்கம் சேர அந்த அவகாசம் உதவுகிறது. பின்னால் காற்று இல்லாமல் எதைக் கொண்டு தள்ளுவது?

தயிரும் வாழைப்பழமும்தான் கோழைக்குக் காரணம் என்று, ஏற்கெனவே எடை குறைந்தவர்களுக்கு அவற்றை நிறுத்திவிடும் வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். பத்தியத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியை இந்தப் பயிற்சிக்குக் காட்டலாம். காசு செலவில்லாத ஒன்றுக்கு விளம்பரம் செய்ய ஆளில்லை என்பதே என் ஆதங்கம்.

வாசகியின் தாயார் நிதானமாக மூச்சுவிட்டு, மூன்று நான்கு முறை ஆழ்ந்து இழுத்து அடக்கி, ஓரிரு முறை ஊதி, மறுபடியும் நிதானமான மூச்சுக்குத் திரும்பட்டும். இந்தச் சுற்றைச் சில முறை செய்யலாம். கோழையில் இரத்தம் தென்பட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இருமலை அவர் அடியோடு விட வேண்டியதில்லை: சளி தொண்டையருகே வந்து கரகரக்கும்போது, சிறிதாக ஒரு முறை இருமித் துப்பினால் போதும்.