அக்யூட் என்றால் கடுமையா?

எதிர்வீட்டுத் தம்பியின் அப்பாவுக்கு நிமோனியா முற்றி, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறக்கி ஐசியூவில் சேர்த்திருந்தார்கள். ஏஆர்டிஎஸ் (அக்யூட் ரெஸ்பிரேட்டரி டிஸ்ட்ரஸ் சிண்ட்ரோம் என்ற மூச்சுத்திணறல் நோய்), ஆனால் லேசானதுதான் என்றார் டாக்டர். தம்பி போனை நீட்டினான்: “நைட்ரிக் ஆக்சைடு வாயு ‘கடுமையான மூச்சுத்திணறல் நோயில்’ உயிரைக் காக்காதுன்னு போட்டிருக்குங்ண்ணா. அப்பாவுக்கு லேசானதுதானே, கேட்டுப் பாக்கலாமா?”

அவன் வாசித்ததில் பிழையில்லை, பெயரிலுள்ள ‘அக்யூட்’டைக் ‘கடுமையான’ என்று மொழிபெயர்த்தவர் செய்த வேலை அது. அந்த வாயு மூச்சோடு போய், காற்று எட்டும் இடங்களில் மட்டும் இரத்தக்குழாயைத் தளர்த்தும். ரத்தம் அந்தப் பக்கம் திரும்ப, ஆக்சிஜன் கொஞ்சம் ஏறும். ஓரிரு நாளில் அந்தப் பலன் மங்கிவிடும். இறப்பு குறையவில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. லேசானதோ கடுமையானதோ, இரண்டிலும் அதே கதைதான்.

அக்யூட், லத்தீனில் கூர்மை. பள்ளியில் படித்த குறுங்கோணமும் இதே சொல்தான். மருத்துவத்தில் அது நோய் வந்த வேகம், நாட்பட்டதற்கு எதிர்ப்பதம். கடுமைக்கு அங்கே சிவியர் என்று தனிச்சொல் உண்டு. 1967இல் 12 நோயாளிகளை வைத்து முதலில் விவரிக்கப்பட்ட இந்த நோய்க்கு 2012இல் பெர்லின் வரையறை வந்தது. ஒரு வாரத்துக்குள் வரவேண்டும். அப்புறம் லேசு, மிதம், கடுமை என மூன்று படி. நம் பத்திரிகைத் தமிழில் முதல் படியை எழுதினால் ‘லேசான கடுமையான’ நோய்!

‘தீவிர’ போடலாம் என்பார்கள். ஐசியூவே தீவிர சிகிச்சைப் பிரிவுதானே? சார்ஸ் என்ற பெயரில் சிவியர், அக்யூட் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ‘கடுமையான தீவிர’ என்று எழுதிவிட்டு எது எதற்கு என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. வடசொல் என்பதற்காக நான் சண்டை போடவில்லை, திடீர் மட்டும் என்ன சங்கச் சொல்லா? தொல்காப்பியத்தில் ‘கடி’க்குக் கூர்மை, விரைவு என்ற பொருள்கள் உண்டே என்று ஒரு புலவர் மடக்கினார். உண்டு ஐயா, ஆனால் ஐசியூ வாசலில் நிற்பவன் உரியியலைப் புரட்டிப் பார்ப்பானா?

திடீர் மூச்சுத்திணறல் நோய் என்றே எழுதலாம். மளிகைக்கடைப் பாக்கெட் மாதிரி இருக்கிறதாம். இருக்கட்டுமே. திடீர் ரசப்பொடி வாங்குகிறவர் யாரும் ‘திடீர்’ என்பதைப் பார்த்துக் காரம் எவ்வளவு என்று கணக்குப் போடுவதில்லை.